நீர் ஏறுமுன் அளந்தவை

மாசி, பங்குனி வெயில் நீண்டு, வைகாசி மழையும் பிந்திவிட்டால் மஸ்கெலியாவில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் அடிவரை இறங்கும். முதலில் கரையோரச் சேறு காய்ந்து வெடிக்கும். அடுத்து, ஒரு காலத்தில் ஆட்களும் வண்டிகளும் போய்வந்த பாதையின் தடம் தெரியும். இன்னும் இறங்கினால் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருக்கு மேலே எழும். செய்தி பரவியதும் அட்டனிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் சனங்கள் பார்க்கப் போவார்கள். வயதானவர்கள் கைநீட்டி, கடைவீதி இருந்த இடம் இது, கூட்டம் கூடிய இடம் அது என்று காட்டுவார்கள். நல்ல மழை தொடர்ந்து பெய்ததும் எல்லாம் மீண்டும் உள்ளே போய்விடும்.

அந்த நகரம் நீருக்குள் போனது 1960களின் இறுதியில். 1969இல் நிறைவுற்ற மவுஸ்ஸாக்கலை அணையின் உயரம் 42 மீற்றர். அதன் பின்னால் தேங்கும் நீர் ஏறத்தாழ 12.3 கோடி கன மீற்றர். மலைத்தொடரின் மறுபக்கம், தலவாக்கலையில், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணையின் உயரம் 35.5 மீற்றர், அது தேக்கிப் பயன்படுத்தும் நீர் ஏறத்தாழ 8 லட்சம் கன மீற்றர் மட்டுமே. முன்னதில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையில் 43 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மாறியது அணையின் அளவு மட்டுமல்ல. அணை கட்டுமுன் ஆற்றங்கரையில் நின்று எதை அளப்பது, யாரிடம் கேட்பது என்பதும் மாறியது. அந்த மாற்றத்தை எழுதிவைக்கவே இந்தக் கட்டுரை.

அன்று அளந்தவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்த கட்டுரையில், இந்த நாட்டின் மின்சாரத்தை இந்த நாட்டின் ஆறுகளிலிருந்தே எடுக்கலாம் என்று கணக்கோடு காட்டினார். அவர் கண்முன் இருந்தவை மஸ்கெலிய ஓயாவும் கெசல்கமு ஓயாவும். அவருடைய கனவு லக்சபானவில் மின்சாரமாக மாற 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின் வேலை வேகம் பிடித்தது. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு 50 மெகாவாட் விமலசுரேந்திர மின் நிலையம் வந்தது, அடுத்து மவுஸ்ஸாக்கலை. ஒவ்வொரு அணைக்கும் முன்னால் ஆண்டுக்கணக்கில் மழையைக் குறித்தார்கள். ஆற்றில் அளவுகோல் நட்டு நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பதிந்தார்கள். 66 அடிச் சங்கிலியாலும் தியோடலைட்டாலும் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு மடிப்பையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். நிலத்தைத் துளைத்துப் பாறையை உருளை உருளையாக எடுத்து, அது நீரைத் தாங்குமா, நீரைக் கசியவிடுமா என்று பார்த்தார்கள். அந்தக் கணக்குகள் பிழையாகவில்லை. அவர்கள் கட்டிய அணைகள் இன்றும் நிற்கின்றன. நாட்டின் விளக்குகளில் ஒரு பங்கு இன்றும் அவற்றால் எரிகிறது.

ஆனால் அவர்கள் அளந்ததெல்லாம் நீரும் கல்லும்தான். ஆற்றில் என்ன மீன் வாழ்கிறது, எந்தக் கரையில் எந்த மரம் நிற்கிறது, அந்த ஆற்றை நம்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் எத்தனை இருக்கின்றன என்று முன்கூட்டியே எழுதித் தரும்படி அன்றைய சட்டம் எவரையும் கேட்கவில்லை. கேட்காத பழக்கம் அதற்கும் முந்தியது. கோப்பிக்காக மலைக்காடு வெட்டப்பட்டபோதும், கோப்பியை இலைநோய் தின்றபின் அதே சரிவுகளில் தேயிலை நட்டபோதும் ஓடைகளுக்கு என்ன ஆகும் என்று முன்னதாக எவரும் கணக்கெடுக்கவில்லை. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்க வேண்டும் என்ற குரல் 1873இல்தான் அரசாங்கத்தின் காதில் விழுந்தது. அதற்குள் பெருங்காடு போயிருந்தது. 1880களில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் துரைமார் தூண்டில் போடுவதற்காக ட்ரவுட் மீன் கொண்டுவந்து விடப்பட்டது. அதற்குமுன் அந்த ஓடைகளில் எந்த மீன் இருந்தது, எது இல்லை என்று எவரும் இறங்கிப் பார்த்து எழுதவில்லை.

மலையில் இருந்த இந்தப் பழக்கமே கடலிலும் இருந்தது. மலையகத்தின் கோப்பியைக் கப்பலேற்ற வசதியாகக் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியது 1875இல். அது முடிந்த 1885இல் கோப்பி அழிந்து தேயிலை எழுந்துகொண்டிருந்தது. அன்று கடலில் முதலில் அளக்கப்பட்டது ஆழம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, எத்தனை பாகம் என்று படகிலிருந்து கூவுவதுதான் அந்நாளைய கடலளவை. கப்பலின் அடி தட்டுமா, தட்டாதா என்பதே கேள்வி. அடியில் என்ன உயிர் இருக்கிறது, மணல் எந்தப் பக்கம் நகர்கிறது, சுவர் எழுந்தபின் எந்தக் கரையைக் கடல் அரிக்கும் என்பவை அந்தக் கேள்வியில் இல்லை.

மவுஸ்ஸாக்கலையில் பள்ளத்தாக்கை அளந்த அதே காலத்தில் இன்னோர் அளவையும் நடந்துகொண்டிருந்தது. அது மனிதர்களைப் பற்றியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறுபோட்டது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. ஒரு பள்ளத்தாக்கை நீருக்குக் கொடுப்பதா என்ற கேள்வியை அன்று தொழிலாளியிடம் யாராவது கேட்க நினைத்திருந்தாலும், கேட்கப்படும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இல்லை. அவர் வாழ்ந்த லயம் தோட்டத்துடையது. அவர் கொழுந்து பறித்த மலை தோட்டத்துடையது. நீரின் ஓர் அங்குல உயர்வுக்குக் கணக்கு இருந்தது. அவர் எழுந்து போவதற்கு ஒரு வரிக் கணக்குக்கூட அணைத்திட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

மாற்றம் முதலில் கடற்கரையில் வந்தது என்பது மலைநாட்டில் பலருக்குத் தெரியாத செய்தி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தீவைச் சுற்றி ஒரு வளையம் வரைந்தது: உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர். அந்த வளையத்துக்குள் கட்டடமோ துறைமுகமோ தொடங்க அனுமதி வேண்டும். பெரிய வேலையானால் அதன் விளைவை முன்கூட்டியே ஆராய்ந்து தரவேண்டும். உள்நாட்டுக்கு இதே விதி வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை பிறந்தது. 1988இல் வந்த திருத்தம்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஒழுங்குவிதிகள் 1993இல் வர்த்தமானியில் வந்தன. அவற்றில் ஒரு விதி சாதாரணமாகத் தோன்றும். அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்; அதைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும்; 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். மவுஸ்ஸாக்கலையில் கிடைக்காத ஒரு மாதம் அது.

இந்தப் புதிய விதியின் முதற்பெரும் சோதனைகளில் ஒன்று தலவாக்கலையில் நடந்தது. மேல் கொத்மலைத் திட்டத்தின் முதல் வரைவு கொத்மலை ஓயாவோடு நிற்கவில்லை. டெவோன், றம்பொடை, பூனா ஓயா, சென் அன்றூஸ் நீர்வீழ்ச்சிகளுக்குப் போகும் ஓடைகளையும் இழுத்துச் சுரங்கத்துக்குள் விட எண்ணியது. இலங்கை மின்சார சபையின் சுற்றாடல் அறிக்கை 1994இல் வந்தது. சுற்றாடல் அதிகார சபை முதலில் அனுமதி மறுத்தது. மின்சார சபை மேன்முறையீடு செய்தது. மலையகக் கட்சிகளும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்து நின்றன. நீர்வீழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு தேநீர்க் கடைகளிலும் பாராளுமன்றத்திலும் ஒரே நேரத்தில் நடந்தது. 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஜப்பானியக் கடனுக்கான ஒப்பந்தம் 2002இல் கைச்சாத்தானது. 2012இல் 150 மெகாவாட் மின்சாரம் வந்தபோது, தொடக்கத்தில் குறிவைத்த நீர்வீழ்ச்சிகளில் பாதிப்புக்குள்ளானது கொத்மலை ஓயாவிலேயே விழும் சென் கிளையர் ஒன்றுதான். மற்றவை மழைக்குப் பெருகியும் வெயிலுக்கு மெலிந்தும் இன்றும் தங்கள் போக்கில் விழுகின்றன.

அன்றைய அணை பள்ளத்தாக்கை நிரப்பிவிட்டு நீரைச் சேமித்தது. இன்றைய அணை சிறு குளத்தில் ஆற்றை நிறுத்தி, மலையைக் குடைந்த ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் செலுத்தி, நியம்கம்தொரவில் பூமிக்கு அடியில் இருக்கும் நிலையத்தில் சுழலிகளை ஓட்டுகிறது. அன்று ஊரே மூழ்கியது. இன்று ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, ஆனால் அவர்களுடைய பெயர்கள் முன்கூட்டியே பட்டியலில் இருந்தன, போய்க் குடியேறப் புதிய வீடுகள் கட்டப்பட்டன. தலைமுறைகளாக லயத்தின் பத்தடி அறைகளில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தனிச் சுவரும் தனிக் கூரையும் உள்ள வீடு சின்ன விஷயமில்லை. இதை இழப்புக் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

சென் கிளையரின் கதையோ வேறு. ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து அகலமாக விரிந்து விழும் அந்த நீர், தலவாக்கலை வீதியில் போகிற எவரையும் பஸ் ஜன்னல் பக்கம் திரும்ப வைத்தது. அது இரவும் பகலும் விழுந்தது. மழைக்காலத்தில் அதன் இரைச்சல் தோட்டத்து லயங்களில் தூக்கத்தோடு கலந்திருந்தது. இப்போது நிபந்தனைப்படி பகலில் பத்தரை மணி நேரம், விநாடிக்கு 1.25 கன மீற்றர் வீதம், நாளொன்றுக்கு 47,250 கன மீற்றர் நீர் அதற்கு விடப்படவேண்டும். இந்த எண்ணை நான் இரண்டு விதமாக வாசித்திருக்கிறேன். ஓர் ஆற்றுக்கு அலுவலக நேரம் குறித்துவிட்டார்கள் என்ற வருத்தம் ஒன்று. இந்த எண் எழுதப்பட்டிராவிட்டால் அந்தப் பாறையில் ஒரு துளியும் கேட்டு வாங்க நமக்கு வழியிருந்திராது என்பது மற்றொன்று. வயது கூடக்கூட இரண்டாவது வாசிப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பாறையின் ஈரத்தில் வாழும் பாசிக்கும் பெரணிக்கும் இரவு என்று தனிக் கணக்கு இல்லை என்ற எண்ணமும் கூடவே உறுத்துகிறது.

அளவை எப்போது நடக்கிறது என்பது அளவையைவிட முக்கியம் என்பதை ஊவாவின் உமா ஓயாத் திட்டம் காட்டியது. அதன் ஒப்பந்தம் 2008இல் கைச்சாத்தானது. சுற்றாடல் மதிப்பீடு அதற்குப் பின்னரே முடிந்தது. முடிவெடுத்தபின் செய்யும் ஆய்வு, கலியாணம் முடிந்தபின் பார்க்கும் பொருத்தம் மாதிரி. 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பகுதியில் குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. நடுவில் கழிந்த ஆண்டுகளில் அங்குள்ள குடும்பங்கள் தண்ணீர் பவுசருக்காக வாளியோடு காத்திருந்தன. அப்படிப்பட்ட வேளையில் நட்டஈடு கேட்டுப் போகிறவர் எதிர்கொள்ளும் முதற்கேள்வி ஒன்றுதான்: உங்கள் கிணற்றில் முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது? முன்பே அளந்து எழுதிய தாள் இருந்தால் பதில் இருக்கும். இல்லாவிட்டால் கண்ணீர் மட்டும்தான் இருக்கும். அதை எந்த அலுவலகமும் பதிவதில்லை.

இதே பாடத்தைக் கொழும்புக் கடல் வேறு விதமாகச் சொல்லியது. மஸ்கெலிய ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்புத் துறைமுகத்துக்கு வடக்கே கடலில் விழுகின்றன. அந்தத் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலை நிரப்பி 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் எழுந்திருக்கிறது. வேலை 2014 செப்டெம்பரில் தொடங்கியது, 2015இல் நிறுத்தப்பட்டது, மேலதிகச் சுற்றாடல் மதிப்பீடு செய்யப்பட்டபின் 2016இல் மீண்டும் தொடங்கியது. கடலடியிலிருந்து அள்ளப்பட்ட மணல் ஏறத்தாழ 6.5 கோடி கன மீற்றர். ஈயக்குண்டுக் கயிறு இருந்த இடத்தில் இன்று ஒலியலையைக் கீழே அனுப்பி அடித்தளத்தைப் படமாக்கும் கருவிகள் இருக்கின்றன. நீரோட்டத்தின் திசையையும் வேகத்தையும் மாதக்கணக்கில் பதியும் மிதவைகள் இருக்கின்றன. சேற்றை அள்ளிச் சலித்து, அதிலுள்ள புழுக்களையும் சிப்பிகளையும் இனம் பிரித்து எண்ணும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. ஆனாலும் மணல் அள்ளும்போது நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். மீன் எங்கே முட்டையிடும், எந்த மாதத்தில் எந்தத் திட்டில் வலை நிறையும் என்பது அவர்கள் தலைமுறையாக அளந்துவைத்த கணக்கு. கருவி அளந்ததும் அவர்கள் அளந்ததும் ஒரே தாளில் சேராதவரை ஆய்வு முழுமையாகாது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலான இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறபோது, கிடைத்ததும் போனதும் தனித்தனியாக நிற்கவில்லை. அன்று ஒரு பொறியியலாளர் ஆற்றோரம் ஆண்டுக்கணக்கில் நடந்து, அதன் குணத்தைக் காலால் அறிந்தார். அவர் அறிக்கை சின்னது, அவருடைய அறிவு ஆழமானது. இன்று அறிக்கைகள் கனமானவை. மீனியலாளர், தாவரவியலாளர், மண்ணியலாளர், சமூகவியலாளர் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் ஆய்வுக் காலம் குறுகி, கோடையில் வந்து பார்த்தவர் மாரியில் வராமலே அறிக்கை முடிந்துவிடும் ஆபத்தும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் உறுமும் ஓடையையும் மாசி மாதத்தில் கல்லுக்கடியில் ஒளிந்து ஓடும் அதே ஓடையையும் ஒருமுறை பார்த்து எப்படி எழுதுவது? அன்று கேட்க எவருமில்லை. இன்று கேட்க 30 நாள் இருக்கிறது. அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையில் வருகிறது. ஆனால் பெரட்டுக்கு விடியலில் போய் மாலையில் கொழுந்துக் கூடையை இறக்குகிறவர் கைக்கு அந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லாத ஒன்று உண்டு. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பலருக்குக் காணியின் உறுதிப் பத்திரம் இல்லை. வீட்டுக்குப் பத்திரம் இல்லாதவர், ஓடைக்கும் ஊற்றுக்கும் தனக்குமுள்ள உறவை எதைக் காட்டி நிறுவுவார்? இந்த லயத்தில் இத்தனை குடும்பம், இந்த ஊற்றிலிருந்து இவ்வளவு நீர் என்று முன்னளவை அறிக்கையில் எழுதப்படும் ஒரு வரிதான் அவர் கையிலுள்ள பத்திரம். பழைய மஸ்கெலியாவுக்கு அந்த வரி கிடைக்கவில்லை. அதனால்தான் அது வறட்சிக் காலத்தில் மட்டும் வெளியே வந்து தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது.

தோட்டங்களில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. காலையில் மழைமானியைத் திறந்து, முந்திய நாள் விழுந்த மழையை அளந்து பேரேட்டில் எழுதுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலான மழை அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அது தேயிலைக்காக எழுதப்பட்டது. லயத்துப் பீலியில் விழும் நீரை எவரும் எழுதவில்லை. அதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு பாடசாலைக் கொப்பி போதும். வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை, கோடையிலும் மாரியிலும் தவறாமல் குறித்துவைத்தால், அடுத்த சுரங்கமோ அடுத்த அணையோ வரும்போது அந்தக் கொப்பியைத் திறந்து காட்டலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் இருந்தாலும் அது அளவுதான்.